விளம்பரம் பார்ப்பவருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கேட்டவர் தருமபுரிப் பக்கத்து இளைஞர். பி.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆகிறதாம், இன்னும் வேலை அமையவில்லை. அவருடைய சித்தி 60,000 ரூபாய் கட்டி, கைபேசியில் விளம்பரம் பார்க்கும் ஒரு செயலியில் சேர்ந்திருக்கிறார். தினமும் இரண்டு மணி நேரம் விளம்பரம் பார்த்தால் 400 ரூபாய். நான்கு மாதமாகப் பணம் ஒழுங்காக வருகிறது. இப்போது இவரையும் சேரச் சொல்கிறார். "சேரலாமா? வேண்டாம் என்றால், இணையத்தில் நேர்மையாகச் சம்பாதிக்க வேறு என்னதான் வழி? அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், அந்த வருமானம் மட்டும் போதவில்லை" என்று எழுதியிருந்தார்.

முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள். கடன் வாங்கியும் சேராதீர்கள், கையில் இருக்கிற பணத்தைப் போட்டும் சேராதீர்கள். பதினான்கு வருடமாக இணைய விளம்பரத்தை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்து வருகிறேன். மாடித் தோட்டம் பற்றி ஒரு தமிழ்த் தளம் நடத்துகிறேன், அதில் விளம்பரம் வருகிறது. இன்னொரு பக்கம், சேலம், ஈரோட்டில் சில சிறு கடைகளுக்கு விளம்பரம் போட்டுக் கொடுக்கிறேன். விளம்பரப் பணம் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்துவிட்டால், இதுபோன்ற அழைப்பு எது வந்தாலும் உங்களால் நீங்களே முடிவெடுக்க முடியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரைண்டர் விற்றால் அவருக்கு 600 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 150 ரூபாயை விளம்பரத்துக்கு ஒதுக்க அவர் தயார். இணைய விளம்பர உலகத்தில் ஓடுகிற பணம் எல்லாமே இப்படி ஒதுக்கப்பட்ட பணம்தான். அவர் ஏன் கொடுக்கிறார்? அந்த விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் யாரோ ஒருவர் கிரைண்டர் வாங்குவார் என்ற நம்பிக்கையில். பார்ப்பவரின் கண்ணுக்காக அவர் பணம் கொடுக்கவில்லை, அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற வாங்கும் எண்ணத்துக்காகக் கொடுக்கிறார். பழைய கிரைண்டரில் கல் தேய்ந்துபோய் மாவு சரியாக அரையாமல் தவிக்கும் ஒரு வீட்டம்மாவின் கண்ணில் அது பட்டால் அவருக்கு லாபம்.

இப்போது என் அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் அவரும் இதேபோல ஒரு செயலியில் சேர்ந்திருந்தார். நல்லவேளையாகச் சின்னத் தொகைதான். ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சமையலறை மேடையில் அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்து வைத்த கைபேசியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. அண்ணி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தார். இருபது வினாடிக்கு ஒரு தடவை, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, திரையில் வந்த பெருக்கல் குறியை அழுத்திவிட்டு மறுபடி பீன்ஸுக்குத் திரும்பினார். "என்ன விளம்பரம் ஓடுது அண்ணி?" என்றேன். "தெரியலப்பா, ஏதோ ஒண்ணு" என்றார். அவர்மேல் குற்றமே இல்லை. அவரிடம் கேட்கப்பட்ட வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிரைண்டர்காரர் இதைப் பார்த்தால் ஒரு பைசா கொடுப்பாரா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு, ஆயிரம் தடவை காட்ட விளம்பரதாரர் 200 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 20 பைசா. செயலிக்காரர் தனக்குப் பாதி வைத்துக்கொண்டு மீதிப் பாதியைப் பார்ப்பவருக்குக் கொடுத்தால் 10 பைசா. 400 ரூபாய் சேர ஒரு நாளைக்கு 4,000 விளம்பரம் பார்க்க வேண்டும். ஒன்று 20 வினாடி என்றால் 80,000 வினாடி, அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல். சித்தி பார்ப்பது இரண்டு மணி நேரம். நான் எடுத்த விலையை நீங்கள் இரண்டு மடங்காக்குங்கள், நான்கு மடங்காக்குங்கள், அப்போதும் கணக்கு இடிக்கும். போதாததற்கு, விளம்பரம் கொடுப்பவர் விலையை ஏற்றிக் கொடுக்க வேண்டியது, காசுக்காகப் பார்த்துக்கொண்டு கண்ணை வேறெங்கோ வைத்திருக்கும் கூட்டத்துக்கு. எந்த வியாபாரியும் அதைச் செய்ய மாட்டார்.

சரி, அப்படியானால் அந்த 400 ரூபாய் எங்கிருந்து வருகிறது? அடுத்துச் சேருகிறவரின் 60,000-லிருந்து. இதுவும் கணக்குதான். மாதம் 12,000 வீதம் 1,000 பேருக்குக் கொடுக்க 1 கோடியே 20 லட்சம் வேண்டும். விளம்பர வருமானம் கிடையாது என்றால், அந்த மாதம் 200 பேர் புதிதாகச் சேர்ந்து தலைக்கு 60,000 கட்டினால்தான் அது வரும். அடுத்த மாதம் கொடுக்க வேண்டியவர்கள் 1,200 பேர், அதற்கு 240 புது ஆட்கள். இப்படியே மாதாமாதம் ஐந்தில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும். இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 80,000 பேர், மூன்று வருடத்தில் 7 லட்சம் பேர். நடத்துகிறவர் ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளாமல், ஆள் சேர்த்தவருக்குக் கமிஷனும் தராமல் இருந்தால் வரும் கணக்கு இது. ஏதோ ஒரு மாதத்தில் ஆள் வருவது குறையும். அந்த மாதம்தான் "சர்வர் அப்டேட் நடக்கிறது, பத்து நாள் பொறுங்கள்" என்று செய்தி வரும்.

"நான்கு மாதமாக வருகிறதே" என்கிறீர்கள். நான்கு மாதத்தில் வந்தது 48,000. கட்டியது 60,000. சித்திக்கு இதுவரை வந்தது அவர் போட்ட முதலுக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் அவர் எத்தனை பேரிடம் தன் கைபேசியைக் காட்டி "பார், வருது பார்" என்று சொல்லியிருப்பார்? போட்ட பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆகும்படி வைத்திருப்பதே அதற்காகத்தான். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குப் பணம் வருகிறது. அதனால்தான் அவர் சொல்வதை உறவினர் நம்புகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடமும் அதுதான். பணம் போகும்போது சித்திக்கும் உங்களுக்கும் உள்ள உறவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1999-ல் அமெரிக்காவில் ஆல்அட்வான்டேஜ் என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. கணினித் திரையின் அடியில் ஒரு பட்டையில் விளம்பரம் ஓடும். இணையத்தில் உலாவும் நேரத்துக்கு மணிக்கு அரை டாலர், நீங்கள் சேர்த்துவிட்டவர்கள் உலாவும் நேரத்துக்கும் ஒரு பங்கு. இது மோசடி நிறுவனம் அல்ல. உறுப்பினர்களிடம் கட்டணமே வாங்கவில்லை. பெரிய முதலீட்டாளர்களின் பணத்தில் நடந்தது. பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஆள் இல்லாதபோதும் மவுஸ் தானாக நகர்வதற்குச் சிலர் குட்டி மென்பொருள்கள் எழுதினார்கள். விளம்பரத்தில் வந்த வருமானத்தைவிட உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டியது மிக அதிகமாக இருந்தது. 2001 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். நேர்மையாக, அவ்வளவு பெரிய முதலீட்டோடு இறங்கியவர்களாலேயே பார்ப்பவருக்குப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ஆட்சர்ஃப்டெய்லி என்ற அமெரிக்க நிறுவனத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, தினமும் சில இணையதளங்களைத் திறந்து பார்த்தால் போட்டதற்கு மேல் கிடைக்கும் என்றார்கள். 2008-ல் அரசு அதன் கணக்குகளை முடக்கியது, 2012-ல் நிறுவனருக்கு 78 மாதச் சிறை. நம் பக்கத்திலும் பார்த்தோம். விளம்பரம் பார்க்கும் செயலி நடத்திய ஒரு நிறுவனத்தின்மீது போலீஸ் வழக்குப் பதிந்ததை எதிர்த்து, 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். கூடியவர்கள் பணம் போட்டவர்கள், நிறுவனத்துக்கு ஆதரவாகத்தான் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் செய்தியில் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி உண்மையான விளம்பரப் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

1994 அக்டோபர் 27-ம் தேதி ஹாட்வயர்டு என்ற தளத்தில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் நீளப்பட்டை விளம்பரம் வந்தது. இணைய பேனர் விளம்பரங்களின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதைச் சொடுக்கினார்களாம். அன்றைக்கு அது புதுசு. இன்றைக்கு ஒரு சாதாரண பேனரை ஆயிரம் பேர் பார்த்தால் ஓரிருவர் சொடுக்கினாலே நல்லது. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் இருக்கும் இடத்தை நம் கண் தானாகவே தாண்டிப் போகப் பழகிவிட்டது. அதனால் காட்டினாலே பணம் என்ற நிலை மாறி, சொடுக்கினால் பணம், வாங்கினால் பணம் என்று விளம்பரதாரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1998-ல் கோடூ என்ற தேடுபொறி, தேடும் சொல்லுக்கு ஏலம் விட்டு, சொடுக்கினால் மட்டும் காசு வாங்கியது. 2000-ல் கூகுள் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. பின்னால் கூகுளும் ஏலத்துக்கு மாறியபோது ஒரு முக்கியமான திருத்தம் செய்தது. அதிகம் கேட்டவருக்கே முதலிடம் என்றில்லாமல், யாருடைய விளம்பரத்தை மக்கள் சொடுக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதனால் சின்னக் கடைக்காரருக்கும், விளம்பரம் பொருத்தமாக இருந்தால், பெரிய நிறுவனத்துக்கு மேலே இடம் கிடைக்க வழி பிறந்தது.

இன்றைக்கு ஒரு செய்தித் தளத்தை நீங்கள் திறக்கும்போது, பக்கம் முழுதாக வருவதற்குள் ஒரு ஏலம் முடிந்துவிடும். எந்த ஊர், எந்த மொழி, எந்த மாதிரிக் கைபேசி, இதற்கு முன் என்ன பார்த்தார் என்ற விவரங்கள் போகும். "இவருக்குக் காட்ட இவ்வளவு தருகிறேன்" என்று பல இடங்களிலிருந்து விலை வரும். அதிகம் கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரையில் வந்து உட்காரும். நேற்று கிரைண்டர் விலை பார்த்தீர்கள் என்றால் ஒரு வாரம் எங்கே போனாலும் கிரைண்டர் பின்னாலேயே வருவது இதனால்தான். உங்கள் பேச்சை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தேவையே இல்லாத அளவுக்கு, நாம் தேடியதும் தொட்டதும் நின்று பார்த்ததுமே போதுமான தடயத்தை விட்டுவிடுகின்றன.

இந்த ஏலத்தால்தான் ஒரே எண்ணிக்கைப் பார்வைக்கு ஆளுக்கொரு வருமானம் வருகிறது. வீட்டுக் கடன், காப்பீடு, படிப்பு என்று எழுதினால் விலை அதிகம். கவிதை, ராசிபலன், சினிமாச் செய்தி என்றால் குறைவு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் என் தளத்துக்கு நல்ல விலை வரும், ஜனவரியில் சட்டென்று இறங்கிவிடும். தமிழில் எழுதுவதற்கு ஆங்கிலத்தைவிட விலை குறைவாகத்தான் இருக்கிறது. தமிழில் விளம்பரம் போட வரும் கடைகள் இன்னும் குறைவு, ஏலத்தில் போட்டி இல்லை. அதே கட்டுரையைச் சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் தமிழர் படித்தால் விலை ஏறும். இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். "மாதம் லட்சம்" என்று காட்டும் படங்களை வைத்துத் திட்டம் போடக்கூடாது.

சொந்தத் தளம் நடத்துவது பற்றி. நம் தளத்தில் விளம்பரம் காட்டி அதில் பங்கு தரும் கூகுளின் சேவைக்கு ஆட்சென்ஸ் என்று பெயர். தமிழ்ப் பக்கங்களுக்கு அது அதிகாரபூர்வமாக வந்ததே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் எல்லாம் பெரும்பாலும் ஆசைக்காக எழுதியவர்கள். ஆட்சென்ஸில் விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 விழுக்காடு தளத்துக்காரருக்கு வரும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரி உண்மைதானா என்று பார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். எனக்கு அந்தக் கடிதம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மின்கட்டண ரசீது மாதிரி ஓரத்தைக் கிழித்துப் பிரிக்கும் ஒரு மெல்லிய காகிதம். தபால்காரர் "வெளிநாட்டுக் கடுதாசி" என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளே ஆறு எண்கள். அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். முதல் 100 டாலர் சேர எனக்கு அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் வாரத்துக்கு மூன்று கட்டுரை எழுதினேன்.

அதற்கு முன்னால், 2012-ல், ஆங்கிலத்தில் ஒரு தளம் தொடங்கி வேறொரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். நண்பர்கள் எனக்கு உதவுவதாக நினைத்து, மாலையில் டீக்கடையில் உட்கார்ந்து என் தளத்து விளம்பரங்களைச் சொடுக்கிக் கொடுத்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 83 டாலர் சேர்ந்திருந்தபோது ஒரு காலையில் கணக்கை மூடிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு கடைகளுக்கு விளம்பரம் போட்டுக் கொடுக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது. அந்த ஒவ்வொரு பொய்ச் சொடுக்கும் எங்கோ ஒரு கடைக்காரரின் கல்லாவிலிருந்து எடுத்த காசு. அதனால் நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், படியுங்கள், பகிருங்கள், விளம்பரத்தை மட்டும் எனக்காகத் தொடாதீர்கள் என்று. "நீ என்னுடையதைச் சொடுக்கு, நான் உன்னுடையதைச் சொடுக்குகிறேன்" என்று நடக்கும் வாட்சாப் குழுக்களில் சேரவே வேண்டாம். போலி டவுன்லோட் பொத்தான், பக்கத்தை மூடினால் இன்னொரு பக்கம் திறப்பது போன்ற விளம்பரங்களை வைத்தால் முதல் மாதம் காசு கூடுதலாக வரும். இரண்டாவது தடவை அந்த வாசகர் வர மாட்டார்.

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள் 1 கோடி பார்வை பெற்றிருக்க வேண்டும். நீள வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு, ஷார்ட்ஸில் 45. பார்வை ஷார்ட்ஸில் சீக்கிரம் குவியும், பணம் குவியாது. சொல்லிக்கொடுக்கும் விஷயம் என்றால் எட்டு, பத்து நிமிட வீடியோதான் நிற்கும். சேர்ந்ததும் வரி விவரப் படிவத்தை மறக்காமல் நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் பங்கில் மட்டும், இந்தியாவுடனான ஒப்பந்தப்படி 15 விழுக்காடு பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை போய்விடும். சந்தாதாரரை விலைக்கு வாங்குவது வீண். வாங்கிய ஆயிரம் பேர் உங்கள் வீடியோவைப் பார்க்க மாட்டார்கள், பார்க்காத கூட்டத்தை வைத்து யூடியூப் உங்கள் வீடியோவை வேறு யாருக்கும் காட்டாது.

ஆனால் யாரும் அதிகம் சொல்லாத, எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. விளம்பரம் வாங்குகிறவர் பக்கம் போய் உட்காருவது. நம் ஊர்க் கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் போடத் தெரியாது. பெரிய ஏஜென்சிக்குக் கொடுக்கக் காசு இல்லை. சேலத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. கடைக்காரர் தானே முயன்று, "தமிழ்நாடு முழுவதும்" என்று இடத்தை வைத்து, பத்து நாளில் 5,000 ரூபாய் செலவழித்திருந்தார். நாகர்கோவிலில் இருந்தெல்லாம் விலை கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் கடைக்கு வரவில்லை. நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடையைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் சுருக்கினேன். ஆங்கில வாசகத்தை எடுத்துவிட்டு "அரை மணியில் கண் பரிசோதனை, அன்றே கண்ணாடி" என்று தமிழில் போட்டேன். கடை மூடியிருக்கும் நேரத்தில் விளம்பரம் ஓடாமல் நிறுத்தினேன். தொலைபேசி பொத்தானை மேலே வைத்தேன். கூகுள் வரைபடத்தில் கடையின் நேரம், படம், எண் எல்லாவற்றையும் சரி செய்தேன், அதற்குக் காசே கிடையாது. நாள் ஒன்றுக்கு 200 ரூபாய்க்கு இரண்டு, மூன்று அழைப்பு வரத் தொடங்கியது. மாதம் 3,000 ரூபாய் எனக்குத் தருகிறார். இப்படி ஐந்து கடை பிடித்தால் ஒரு சம்பளம். கற்றுக்கொள்ள கூகுளும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் இலவசப் பாடம் வைத்திருக்கின்றன. 40,000 ரூபாய் வகுப்பு எதிலும் சேர வேண்டாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமேசான் 1996-லேயே தொடங்கிய இணைப்பு விற்பனை முறை இன்றும் இருக்கிறது. உங்கள் இணைப்பு வழியாக ஒருவர் வாங்கினால் உங்களுக்குச் சிறு பங்கு. நீங்கள் பயன்படுத்திப் பார்த்த பொருளை மட்டும் பரிந்துரையுங்கள், இதில் எனக்குப் பங்கு உண்டு என்று வெளிப்படையாக எழுதுங்கள். வீடியோ வெட்டி ஒட்டுவது, முகப்புப் படம் செய்வது, மொழிபெயர்ப்பு, தமிழில் பிழை திருத்துவது எல்லாவற்றுக்கும் ஆள் தேடுகிறார்கள். வேலை கொடுப்பதற்கு முன் பதிவுக் கட்டணம், முன்பணம் என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டைப்பிங் வேலை என்று சொல்லி, பிழை விட்டதற்கு அபராதம் கட்டு, வழக்குப் போடுவோம் என்று மிரட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி வரும் வக்கீல் நோட்டீஸ் படத்தைப் பார்த்துப் பயந்து பணம் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, உங்கள் வயதுப் பையன்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். "வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்" என்று வாட்சாப்பில் வரும். மூன்று லைக் போட்டதும் 150 ரூபாய் உண்மையாகவே வங்கிக்கு வந்துவிடும். அப்புறம் டெலிகிராம் குழுவுக்கு அழைப்பார்கள். 1,000 கட்டினால் 1,300 திரும்பும், அதுவும் வரும். அடுத்தது 5,000, அதற்கடுத்தது 28,000. அங்கே நின்றுவிடும். "டாஸ்க்கில் தவறு செய்துவிட்டீர்கள், இன்னும் 50,000 கட்டினால் மொத்தமும் வரும்" என்பார்கள். குழுவில் "எனக்கு வந்துவிட்டது" என்று படம் போடுபவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்களே. இதைவிட ஆபத்து, "உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுங்கள், மாதம் 10,000" என்பது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பணம் பல கணக்கு மாறி வெளியேறிவிடும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் இடையிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

இப்போது சித்தி. அவரோடு சண்டை போடாதீர்கள். "ஏமாந்துவிட்டீர்கள்" என்ற சொல்லை எடுத்தாலே காதை மூடிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 22 மணி நேரக் கணக்கை ஒரு தாளில் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். இருக்கிற பணத்தை எடுக்க முடிந்தால் எடுத்துவிடட்டும். அடுத்த நிலைக்குப் போக இன்னும் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம். முக்கியமாக, இனி ஒருவரையும் சேர்த்துவிட வேண்டாம். ஆள் சேர்த்துச் சுழற்றும் பணத் திட்டங்களை 1978 முதலே சட்டம் தடை செய்திருக்கிறது, அனுமதியில்லாமல் வைப்புத் தொகை வாங்குவதற்கு எதிராக 2019-லும் ஒரு சட்டம் வந்தது. நாளைக்குப் புகார் என்று வந்தால், இவர் சொல்லித்தான் சேர்ந்தேன் என்று உறவினர் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். பணம் கட்டிய ரசீது, யுபிஐ விவரம், வாட்சாப் குழுவில் வந்த வாக்குறுதிகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள். செயலி ஒரு நாள் திறக்காமல் போனால் அவைதான் கையில் இருக்கும். பணம் நின்றால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

உங்களுக்கு என்ன வழி என்றால், நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் என் கண்ணில் பட்டது. அப்பா மோட்டார் காயில் கட்டுகிறார். நம் விவசாயி ஒருவர் காலை ஐந்தரை மணிக்கு கரன்ட் வந்ததும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மோட்டார் ஓடுகிறது ஆனால் தண்ணீர் வரவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். கைபேசியை எடுத்து அதையே அப்படியே தமிழில் பேசித் தேடுகிறார். ஃபுட் வால்வில் கசிவா, மூன்று ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா, நீர்மட்டம் இறங்கிவிட்டதா, குழாயில் ஓட்டையா என்று வரிசையாக எப்படிப் பார்ப்பது என்பது அப்பாவுக்குக் கையில் இருக்கிற வித்தை. அந்த விவசாயிக்குத் தன் விளம்பரத்தைக் காட்ட பம்பு செட் நிறுவனம், குழாய் நிறுவனம், சொட்டுநீர்ப் பாசனக்காரர் எல்லாரும் ஏலத்தில் நிற்பார்கள். அவர் நிஜமாகவே வாங்கப் போகிறவர் அல்லவா? யூடியூப் பணம் வர ஒரு வருடம் ஆகலாம். ஆனால் வீடியோவின் கீழே கடையின் எண்ணைப் போட்டால், பக்கத்துக் கிராமங்களிலிருந்து அழைப்பு அதற்கு முன்பே வரும்.

கேமரா வாங்க வேண்டாம், உங்கள் கைபேசி போதும். மைக் மட்டும் ஒன்று வாங்குங்கள், கடையில் சத்தம் இருக்கும். அப்பாவின் முகம் தெரியக்கூட வேண்டாம், கை தெரிந்தால் போதும். எரிந்துபோன காயிலையும் புதுக் காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேளுங்கள், இந்த மாதம் கடைக்கு வந்தவர்கள் அதிகம் சொன்ன குறை என்ன என்று. அவர் சொல்லும் முதல் மூன்று குறைகளையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் முதல் மூன்று வீடியோக்களின் தலைப்பு.